எண்ணெய் பட்ட நஞ்சை நிலம்: செய்யத்தக்கதும் தகாததும்

காவிரிப் பாசனத்தின் கடைமடையாகிய நாகப்பட்டினம் வட்டாரத்தில் நெற்பயிருக்கு நேரும் இடையூறுகள் யாவை என்று வினவினால், தண்ணீர்த் தட்டு, வடிகாலின்மை, உவர், புயல், புகையான் என்று குடியானவர்கள் விரல்விட்டு எண்ணிவிடுவார்கள். சென்ற நாற்பது ஆண்டுகளாக இவ்வரிசையில் மற்றொன்றும் சேர்ந்திருக்கிறது. நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், குத்தாலம் முதலிய இடங்களில் நெல்வயல்களுக்கிடையே எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அங்கு எடுக்கப்படும் கச்சா எண்ணெயைக் கொண்டுசெல்லும் குழாய்கள் வயல்களின் அடியில் புதைக்கப்பட்டிருக்கின்றன. குழாய் துருப்பிடித்தோ, இணைப்பு விட்டோ கசியுமாயின், எண்ணெய் முதலில் சேர்வது நமது நஞ்சை மண்ணையே.

2017-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் குழாயில் கசிவு ஏற்பட்டுக் கச்சா எண்ணெய் வயலில் பரவிற்று. அதனை ஒட்டி எழுந்த கிளர்ச்சியும் கைதுகளும் நாடெங்கும் பேசப்பட்டன. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் நாகூரை அடுத்த பட்டினச்சேரிக் கடற்கரையில் சென்னைப் பெட்ரோலியக் கழகத்தின் குழாய் உடைந்து எண்ணெய் கடலிற் கலந்தது. 2020-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த சில பகுதிகளிலும் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்திருக்கிறது. எனினும், அதற்கு முன்னரே நடந்துவந்த பணிகளை அச்சட்டம் தீண்டவில்லை. ஆகவே, பழைய குழாய்களுக்கு மேலே பயிரிடுவோர், கசிவு நேர்ந்தால் செய்ய வேண்டுவது யாது என்பதை முன்னதாகவே அறிந்திருத்தல் நலம்.

கிளர்ச்சியைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எண்ணெய் பட்ட மண் மீளுமா, மீளுமாயின் எவ்வாறு என்பதையே இங்குக் கூற முற்படுகிறேன். சுருங்கச் சொன்னால், எண்ணெய் பட்ட நிலத்தை மீட்பது காற்று. அதனைக் கெடுப்பது கட்டி நிற்கும் நீர். நெல் விளைவிக்கும் நமக்கு இது பழக்கத்திற்கு மாறானதாதலின் காரணத்தோடு விளக்குதல் அவசியமாகிறது.

கச்சா எண்ணெயின் இயல்பு

கச்சா எண்ணெய் ஒரே பொருளன்று. கரியும் ஹைட்ரஜனும் பல்வேறு அளவிற் கூடிய எண்ணிறந்த பொருள்களின் கலவையே அது. இப்பொருள்களுக்கு ஹைட்ரோகார்பன் என்று பெயர். எண்ணெயின் எடையில் நூற்றுக்கு 83 முதல் 87 பங்கு வரை கரியே. நமது காரியத்திற்கு இக்கலவையை மூன்று தரமாகப் பிரித்துக்கொள்வது போதும். முதல் தரம் பெட்ரோலைப் போன்ற இலேசான பகுதி. இது சில நாட்களில் ஆவியாகப் போய்விடும். ஆனால் இலையையும் வேரையும் உடனே கருக்குவது பெரும்பாலும் இதுவே. இரண்டாவது டீசலைப் போன்ற நடுத்தரப் பகுதி. இது மண்ணில் தங்கும், எனினும் நுண்ணுயிர்களுக்கு இரையாகும். மூன்றாவது தார் அல்லது நிலக்கீல் எனப்படும் கனத்த பகுதி. இது மண்ணிலே ஆண்டுக்கணக்காகக் கிடக்கும்.

மண்ணுக்கும் பயிருக்கும் நேரும் கேடு

நாற்றங்காலில் கூண்டுப் புழு கண்டால், கட்டிய நீரில் சிறிது மண்ணெண்ணெய் கலந்து, கயிறு இழுத்துப் புழுவை நீரில் வீழ்த்தி, பின் நீரை வடித்துவிடும் வழக்கம் நம் குடியானவர்கள் அறிந்ததே. சிறிதளவு எண்ணெய்ப் படலமே நீரில் விழுந்த புழுவை மூச்சடைக்கச் செய்யும். அவ்வாறாயின், தடித்த கச்சா எண்ணெய் வயலில் நின்றால் விளைவதை ஊகித்துக்கொள்ளலாம். அது செய்யும் கேடுகள் மூன்று.

முதலாவது, எண்ணெய் மண் துகள்களைச் சூழ்ந்து பூசிக்கொள்வதால் மண் நீரை ஏற்க மறுக்கிறது. மேலே நீர் நின்றாலும் உள்ளே வறட்சி காணும். விதை ஊறாது, முளைப்பு சீராக வராது. இரண்டாவது, மண்ணின் இடுக்குகள் அடைபட்டு வேருக்குக் காற்று எட்டுவதில்லை. மூன்றாவதைப் பலரும் அறியார். எண்ணெயில் கரி மிகுதி, தழைச்சத்தோ மிகச் சொற்பம். எண்ணெயை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. மக்காத வைக்கோலை உழுது புதைத்தவுடன் நட்ட பயிர் மஞ்சளிப்பது இக்காரணத்தாலேதான். எண்ணெய் பட்ட வயலில் அது பன்மடங்காக நிகழும்.

மண்ணிலேயே உள்ள வைத்தியர்

பூமியின் எண்ணெய் தானாகவே மேலே கசியும் இடங்கள் உலகிற் பல உண்டு. மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டிரினிடாடில் லா பிரே என்னுமிடத்தில் ஏறக்குறைய நூறு ஏக்கர் பரப்பில் இயற்கையான தார் ஏரியே அமைந்திருக்கிறது. நம் நாட்டில் அஸ்ஸாமில் இத்தகைய கசிவுகள் கண்ட பிரதேசத்தில்தான் டிக்பாய் எண்ணெய் வயல் தோன்றி, 1901-இல் சுத்திகரிப்பு ஆலையும் ஏற்பட்டது. இவ்விடங்களின் மண்ணில் எண்ணெயையே உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. காவிரிப் படுகையில் எண்ணெய் வெகு ஆழத்தில் கிடப்பதால் நம் வயல்களில் அவ்வாறு கசிவதில்லை. எனினும், அவ்வினத்து நுண்ணுயிர்கள் சிறு தொகையாக எல்லா மண்ணிலும் உள்ளன. இரை கிடைத்தால் அவை பெருகும். தில்லியிலுள்ள டெரி நிறுவனத்தார் இத்தகைய நுண்ணுயிர்களைத் தேர்ந்து வளர்த்து, 'ஆயில்சாப்பர்' என்ற பெயரில் எண்ணெய்க் கழிவு பட்ட நிலங்களுக்கு இடும் பொருளாக ஆக்கியிருக்கிறார்கள்.

இந்நுண்ணுயிர்கள் ஒரு கிலோ எண்ணெயை முற்றும் எரித்து முடிக்கச் சற்றேறக்குறைய மூன்று கிலோ பிராணவாயு வேண்டும். ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவோ எட்டு மில்லிகிராம் அளவே. அவ்வாறாயின், ஒரு கிலோ எண்ணெய்க்கு வேண்டிய பிராணவாயுவை நீரிலிருந்து பெற நான்கு இலட்சம் லிட்டர் நீர் வேண்டியிருக்கும். இரண்டு ஏக்கர் வயலில் இரண்டு அங்குல உயரம் கட்டிய நீர் அவ்வளவுதான்! அதே பிராணவாயு, பத்தடி நீளமும் பத்தடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள இடத்துக் காற்றில் அடங்கியிருக்கிறது. அன்றியும், பிராணவாயு நீரினூடே ஊர்ந்து செல்லும் வேகம் காற்றில் செல்வதைவிடப் பதினாயிரம் மடங்கு குறைவு. சேறாக்கி நீர் கட்டிய வயலில் எண்ணெய் அழியாமல் கிடப்பதன் காரணம் இக்கணக்கிலேயே விளங்கும்.

அமெரிக்காவில் மின்னஸோட்டா ராஜ்யத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்கருகே 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குழாய் உடைந்து ஏறக்குறைய 17 இலட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் நிலத்திற் கொட்டிற்று. பெரும் பகுதியை அகற்றியும், எஞ்சியது மண்ணினுள் இறங்கி நிலத்தடி நீரின் மேல் தங்கிவிட்டது. 1983 முதல் விஞ்ஞானிகள் அவ்விடத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். காற்று எட்டாத அவ்வாழத்திலும் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. ஆனால் வெகு மெதுவாக. பல பத்தாண்டுகள் கழிந்தும் எண்ணெய் முற்றும் ஒழியவில்லை. மற்றொரு சான்று: 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பலின் எண்ணெய் கரையில் ஒதுங்கியபோது, அக்கரைகளில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரங்களை இட்டதால் எண்ணெய் விரைந்து அழிந்தது. காற்றும் உரமும் கூடினால் நுண்ணுயிர்கள் தம் தொழிலைச் செய்யும் என்பது இவற்றால் விளங்குகிறது.

எண்ணெய்தானா என அறிதல்

நீரின் மேல் வானவில் போன்ற பளபளப்பைக் கண்டவுடன் எண்ணெய் என்று கலங்கிவிடக் கூடாது. வடிகாலற்ற வயல்களில் இரும்புச் சத்தினால் உண்டாகும் ஆடையும் அவ்வாறே மின்னும். ஒரு குச்சியால் அதனைக் கிழித்துப் பார்க்க. இரும்பு ஆடையாயின் சில்லு சில்லாக உடைந்து தனித்தனியே மிதக்கும். எண்ணெயாயின் குச்சி சென்றவுடன் மீண்டும் ஒன்றுகூடிவிடும், வாடையும் காட்டிக்கொடுக்கும்.

முதல் நாள் கடமை

1. எண்ணெயோடு எரிவாயுவும் வெளிவரக்கூடும். அருகே தீக்குச்சி கிழித்தல், பீடி பிடித்தல், நீரிறைக்கும் எந்திரத்தை முடுக்குதல் யாவும் ஆகாது. மக்களும் மாடுகளும் காற்று வீசிவரும் பக்கமாக ஒதுங்க வேண்டும். குழாய்ப் பாதையில் நடப்பட்ட கல்லிலோ பலகையிலோ உள்ள தொலைபேசி எண்ணுக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும் உடனே செய்தி தெரிவிக்க.

2. பாயும் மடையையும் வடியும் மடையையும் அடைத்து, வரப்பை உயர்த்துக. எண்ணெய் வாய்க்காலில் இறங்கினால் ஒருவர் வயலில் நின்றது ஊர் வயல்களுக்கெல்லாம் பரவும்.

3. வயலில் முன்னமே நீர் நின்றால் அதனை அவசரமாக வடித்துவிடலாகாது. எண்ணெய் நீரின் மேல் மிதப்பதால், அந்நீரே மண்ணுக்குக் காவலாக நிற்கிறது. மேலே மிதப்பதை வழித்தும், வைக்கோல், உமி, தென்னை நார்க் கழிவு ஆகியவற்றைத் தூவி உறிஞ்சச் செய்தும் அகற்றிய பின்னரே நீரை வடிக்க வேண்டும். வடிக்குங்கால் வரப்பின் அடிப்பாகத்தில் குழாய் பதித்து, அடிநீர் மட்டும் வெளியேறுமாறு செய்க.

4. கோடையில் நமது களிமண் ஆழமாக வெடித்திருக்கும். அவ்வெடிப்புகளில் எண்ணெய் இறங்கிவிட்டால் மீட்பது கடினம். சுற்றிலும் மண்ணை வெட்டி அணையிட்டு, எண்ணெய் பரவும் பரப்பை இயன்ற அளவு சுருக்குக.

5. எண்ணெய் உண்ட வைக்கோலை எருக்குழியிற் போடுவதும், மாட்டுக்குப் படுக்கையாக இடுவதும், கொளுத்துவதும் தகா. அது அபாயகரமான கழிவு. குழாய்க்கு உடையவரே முறைப்படி அகற்றக் கடமைப்பட்டவர். எண்ணெய் மிதக்கும் நீரை மாடு குடித்தால், எண்ணெய் நுரையீரலிற் புகுந்து உயிருக்கே ஆபத்து நேரும்.

6. சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றி எண்ணெயைக் கரைக்க முயல வேண்டா. அது மறைவதுபோலத் தோன்றினும், ஆழத்திற்கும் வாய்க்காலுக்கும் செல்வதற்கே வழியாகும். தடித்து நிற்கும் எண்ணெயை அப்படியே உழுது புதைப்பதும் இத்தகையதே.

மண்ணை மீட்கும் முறை

மேலே நின்ற எண்ணெயை அகற்றிய பின், கட்டி கட்டியாகத் தார் படிந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எஞ்சிய மண்ணுக்கே பின்வரும் முறை பொருந்தும். மண் பதம் வந்தவுடன் அரை அடி ஆழத்திற்கு உழுக. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மறு உழவு செய்து மண்ணைப் புரட்டிக் காற்று புகச் செய்க. மண் முற்றும் காய்ந்துவிட்டாலும் நுண்ணுயிர்கள் ஒடுங்கிவிடும். ஆதலின் கையிற் பிடித்தால் உருண்டை பிடிக்கவும், நசுக்கினால் உதிரவும் தக்க ஈரம் இருக்க வேண்டும்; தேவையானால் தெளித்து ஈரமாக்கலாமேயன்றி நீர் கட்டலாகாது.

உரம் இடுவதில் கணக்கு வேண்டும். ஓர் ஏக்கரில் அரை அடி ஆழத்து மேல்மண் ஏறக்குறைய ஒன்பது இலட்சம் கிலோ எடையுள்ளது. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்தாலே ஒன்பதாயிரம் கிலோ ஆகிறது. இதற்கு வேண்டிய தழைச்சத்து முழுவதையும் ஒரே தடவையில் யூரியாவாகக் கொட்டினால், மண் கரைசல் கடுத்து நுண்ணுயிர்களையே ஒடுக்கிவிடும். ஒவ்வோர் உழவின்போதும் சிறு சிறு தவணையாக இடுவதே சிறந்தது. ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய தொழு உரமும் சேர்த்தால் மண் பொலபொலப்பாகிக் காற்று புகும். புதிய நுண்ணுயிர்களும் வந்து சேரும். தவணையின் அளவை மண் பரிசோதனை முடிவைக் கொண்டு நிர்ணயித்தல் வேண்டும்.

வெப்பம் மிகுந்த நமது பிரதேசம் இவ்வேலைக்கு அனுகூலமானது. இலேசான எண்ணெயாயின் சில மாதங்களில் பெரும்பகுதி அழியும். கனத்த எண்ணெயாயின் ஓரிரண்டு ஆண்டுகள் செல்லலாம். கசிவு மாசி முதல் வைகாசிக்குள் நேர்ந்தால் கோடை உழவு முழுவதும் கைகொடுக்கும். சம்பாப் பருவத்தில் மழைக்கிடையே நேர்ந்தால், எண்ணெயை அகற்றி, பரவாமற் காத்து, தை அறுவடைக் காலம் வரை பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று அவ்வயலையும் சேறாக்கி நட்டால், அப்போகத்தின் நாற்றும் கூலியும் வீணாவதோடு, எண்ணெய் காற்று எட்டாத சேற்றிற் புதைந்து அடுத்த போகத்தையும் கெடுக்கும். ஒரு போகத்தை விடுவது கையிழப்பே. ஆயினும் பல போகங்களை இழப்பதைவிட அது சிறியது.

உப்பு நீர் கலந்திருந்தால்

எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெயோடு ஆழத்து உப்பு நீரும் வெளிவருவதுண்டு. இதனால் வரும் கேடு எண்ணெயினும் நீடித்தது. எண்ணெயை நுண்ணுயிர்கள் உண்டு ஒழிக்கும். உப்பை உண்ணும் உயிர் எதுவுமில்லை. மண் பரிசோதனையில் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன் அளவைக் கடந்தால் நெல்லின் மகசூல் குறையத் தொடங்கும்; 4-ஐ எட்டினால் அது உவர் நிலமாகவே கொள்ளப்படும். அவ்வாறிருப்பின், நல்ல நீரைப் பாய்ச்சி உடனுக்குடன் வடிகாலில் வடித்து உப்பைக் கழுவிய பின்னரே மேற்சொன்ன உழவைத் தொடங்க வேண்டும். இங்கும் நீரைத் தேக்கி வைப்பது கூடாது. மண்ணில் சோடியம் ஏறியிருப்பின் பரிசோதனையிற் கண்ட அளவு ஜிப்சம் இடுதல் வேண்டும். எண்ணெய்க்கு மட்டும் வைத்தியம் செய்து உப்பை மறந்தால் பாடு வீணாகும்.

நடவுக்கு ஏற்றதா என அறிதல்

பரிசோதனைச் சாலையின் முடிவு வருமுன் குடியானவர் தாமே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு. காய்ந்த மண்கட்டியின் மேல் ஒரு துளி நீர் விட்டால், நல்ல மண் உடனே உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் மண்ணில் துளி முத்துப்போல் நிற்கும். அடுத்தது, கெட்ட வயல் மண்ணை ஒரு சட்டியிலும், அடுத்த நல்ல வயல் மண்ணை மற்றொரு சட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் ஐம்பது பயற்று விதைகளை ஊன்றி ஒரே அளவு நீர் தெளிக்க. முளைப்பும் வேரோட்டமும் இரண்டிலும் ஒத்திருந்தால், முதலில் சிறு பாத்தியில் தக்கைப்பூண்டு விதைத்துப் பார்க்கலாம். அதுவும் தழைத்து வந்தால் நெல்லைப் பற்றி எண்ணலாம். இச்சோதனைப் பயிரை மாட்டுக்குத் தீவனமாக்குதல் வேண்டா. இவை வழிகாட்டுவனவேயன்றி முடிந்த முடிபல்ல; உண்ணும் பயிரை நடுமுன் பரிசோதனைச் சாலையின் முடிவைப் பெறுதல் இன்றியமையாதது.

மண் மாதிரியும் நஷ்ட ஈடும்

எண்ணெய்ச் சோதனைக்கு எடுக்கும் மண்ணைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தல் தவறு. வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் வாய்வரை நிரப்பி, இறுக மூடி, வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்து அனுப்ப வேண்டும். இன்றேல் ஆவியாகும் பகுதி பறந்துவிடும். அரை அடி வரை ஒன்றும், அதற்குக் கீழ் ஓரடி வரை ஒன்றுமாக எடுக்க. எண்ணெய் படாத அடுத்த வயலிலிருந்தும் அவ்வாறே எடுத்தால்தான் ஒப்பிட முடியும். சாதாரண மண் பரிசோதனை உப்பையும் சத்துக்களையும் காட்டுமே தவிர எண்ணெயின் அளவைக் காட்டாது. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

குழாய் புதைக்கப்பட்ட நிலம் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடையவருக்கே சொந்தம். நிறுவனத்திற்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. குழாய்ப் பாதையில் வீடு கட்டுதல், கிணறு வெட்டுதல், மரம் நடுதல் விலக்கப்பட்டுள்ளன, பயிரிடுதல் விலக்கப்படவில்லை. குழாய் பதிக்கவும் பழுது பார்க்கவும் வருவோரால் பயிருக்கு நேரும் சேதத்திற்கு அச்சட்டமே ஈடு வகுக்கிறது. கசிவினால் சுற்றுச்சூழலுக்கும் உடைமைக்கும் நேர்ந்த கேட்டிற்கு, 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஐந்தாண்டுகளுக்குள் ஈடும், நிலத்தைப் பழைய நிலைக்குக் கொணரும் ஆணையும் கோரலாம்.

இதற்குச் சான்று வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களோடு, கசிவு கண்ட நாள், மணி, பரவிய பரப்பு, பயிரின் பருவம் ஆகியவற்றை எழுதி, நாள் தெரியும் புகைப்படங்களுடன் மாவட்ட ஆட்சியருக்கு மனுச் செய்து ரசீது பெறுக. நின்ற பயிரின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிடுதல் பெரிய நஷ்டம். மண்ணை அகற்றிய செலவு, உழவு, உரம், பரிசோதனைக் கட்டணம், மண் மீளும்வரை நடாமல் விட்ட போகங்கள் ஆகிய எல்லாவற்றையும் கேட்டுப் பெறுதலே முறை. இத்தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமையாலேயே குடியானவர் அவசரப்பட்டு நடத் துணிகிறார். நிலமும் அதனாலேயே மேலும் கெடுகிறது.

ஆகவே, தம் வயலின் அடியில் குழாய் செல்லும் குடியானவர்கள் இப்பொழுதே தம் மண்ணைப் பரிசோதித்து அறிக்கையைப் பட்டாவோடு சேர்த்து வைத்துக்கொள்வார்களாக. கேடு நேர்ந்த பின், முன்பு நிலம் நன்றாக இருந்தது என்பதற்கு அவ்வறிக்கையே சாட்சி. மண் எடுக்கும் முறையை அறிய விரும்புவோர் தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகினால், வேண்டிய உதவி செய்யப்படும்.